பேச மறுப்பவரிடம் பேசுவது எப்படி? சமூகப் பணியாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

கேஸ் ஃபைல்களில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு வரி: "பயனாளி ஒத்துழைப்பு தரவில்லை." எழுதுவதற்குச் சுலபமான வரி, ஆனால் அதிலிருந்து எதுவும் தெரிந்துகொள்ள முடியாது. அவருக்குக் காது சரியாகக் கேட்கவில்லையா, நாம் பேசிய மொழி பாதிதான் புரிந்ததா, கையில் கொடுத்த படிவத்தை வாசிக்கத் தெரியாததை மறைக்கிறாரா, பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவருக்குப் பயந்தாரா, உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தாரா? ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு. காது கேட்காதவரிடம் எவ்வளவு பரிவாகப் பேசினாலும் கேட்காது, பயந்துபோயிருப்பவரிடம் எவ்வளவு தெளிவாகப் பேசினாலும் வாய் திறக்க மாட்டார். எது தடுக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. அந்த வேலை நம்முடையது, அவருடையது இல்லை.

புதிதாக இந்தத் துறைக்கு வந்திருப்பவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். பல வருஷமாக இருப்பவர்களுக்கும் சில இடங்கள் பயன்படலாம், ஏனென்றால் அனுபவம் கூடக் கூட நாம் ஆளைப் பார்த்ததுமே முடிவுக்கு வரப் பழகிவிடுகிறோம்.

முதலில் பயத்தைப் பற்றி

பேச்சுத்திறன் பயிற்சிகளில் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள், தலையசையுங்கள், கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்காருங்கள் என்றெல்லாம் சொல்லித் தருவார்கள். தவறில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு நாம் யார் என்று யோசித்துப் பாருங்கள். கையில் ஃபைலோடு வந்திருக்கும் ஒருவர். நாம் எழுதப்போகும் ஒரு பத்தியால் அவருக்கு வரும் உதவித்தொகை நிற்கலாம், பிள்ளை காப்பகத்துக்குப் போகலாம், தங்கியிருக்கும் இடம் கைவிட்டுப் போகலாம். இப்படி அதிகாரம் உள்ளவரிடம் யாராக இருந்தாலும் அளந்துதான் பேசுவார்கள், நீங்களும் நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படித்தான் பேசுவோம். ஒருவர் மழுப்புகிறார், பாதியை விழுங்குகிறார் என்றால் பெரும்பாலும் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறார் என்றுதான் அர்த்தம்.

இந்தப் பயத்தைக் குறைக்க அன்பான குரல் மட்டும் போதாது, தகவல் வேண்டும். முதல் சந்திப்பில் முதல் ஐந்து நிமிஷத்துக்குள் அவருக்குத் தெரிய வேண்டியவை: நான் யார், எதற்காக வந்திருக்கிறேன், என்ன எழுதுவேன், அதை யார் படிப்பார்கள், எதை என்னால் ரகசியமாக வைத்துக்கொள்ள முடியாது. கிட்டத்தட்ட இப்படிச் சொல்லலாம்:

"நீங்க சொல்றதுல தேவையானதை எழுதிக்குவேன். அதை என் மேலதிகாரி பார்ப்பாங்க. மத்தபடி உங்க அனுமதி இல்லாம வெளியில சொல்ல மாட்டேன். ஆனா ஒரு குழந்தைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, உங்க உயிருக்கோ வேற யார் உயிருக்கோ ஆபத்துன்னு தெரிஞ்சாலோ, நான் சொல்லியே ஆகணும். அப்படி வந்தா முடிஞ்சவரைக்கும் உங்ககிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன். இதுல ஏதாவது கேட்கணுமா?"

விதிவிலக்குகள் நாட்டுக்கு நாடு, நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். உங்களுக்கு எவை பொருந்தும் என்று போவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொண்டு, எளிய வார்த்தையில் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள். இதையெல்லாம் முதலிலேயே சொன்னால் வாயை மூடிக்கொள்வார்களே என்று சிலர் கேட்பதுண்டு. சிலர் மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள், அது அவர்கள் உரிமை. நம்பிச் சொல்லிவிட்டு, பிறகு அது வேறொரு அலுவலகத்தில் தன் காதிலேயே விழும்போது அவர் நம்மை மட்டும் வெறுப்பதில்லை, அதற்குப் பிறகு வரும் எந்தப் பணியாளரிடமும் பேச மாட்டார்.

பணியாளருக்கும் பயனாளிக்கும் உள்ள உறவு எப்படி இருக்க வேண்டும் என்று ஃபீலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் வகுத்த ஏழு கொள்கைகளை நம்மில் பலர் தேர்வுக்காக மனப்பாடம் செய்திருப்போம். அதில் ரகசியம் காப்பது ஏழாவதாக வரும். களத்தில் அதை முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன், மற்ற ஆறும் அதன் மேல்தான் நிற்கின்றன. அதே 1957இல் உளவியலாளர் கார்ல் ராஜர்ஸ் உளவியல் சிகிச்சைக்கு வேண்டியவை என்று சொன்னவற்றில் பரிவையும் நிபந்தனையற்ற மதிப்பையும் எல்லோரும் நினைவு வைத்திருக்கிறார்கள், உள்ளும் புறமும் ஒன்றாக இருப்பது என்ற மூன்றாவதை விட்டுவிடுகிறார்கள். நமக்கு அதுதான் ரொம்பத் தேவை. "தெரியல, விசாரிச்சு வியாழக்கிழமைக்குள்ள சொல்றேன்" என்று சொல்லி வியாழக்கிழமை ஃபோன் செய்வது, பதில் "இன்னும் தெரியல" என்றாக இருந்தாலும் செய்வது. நம்பிக்கை பெரும்பாலும் இந்த மாதிரி சின்ன விஷயங்களில்தான் வருகிறது. "கவலைப்படாதீங்க, எல்லாம் சரியாயிடும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது உங்கள் கையில் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

கேள்வி கேட்கும் விதம்

"ஏன்" என்று தொடங்கும் கேள்விகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் வரலை, ஏன் சொல்லலை, ஏன் அவரோடயே இருக்கீங்க. கேட்பவர் காரணம் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார், ஆனால் பதில் சொல்பவர் காதில் அது குற்றச்சாட்டாக விழுகிறது, அவர் உடனே தன் பக்க நியாயத்தை அடுக்க ஆரம்பித்துவிடுவார். "அன்னைக்கு என்ன நடந்துச்சு, காலைல இருந்து சொல்லுங்க" என்று கேட்டால் அதே காரணம் தானாக வரும்.

இன்னொரு பழக்கம், உடனே யோசனை சொல்வது. நல்ல மனசுதான், ஆனால் இதைப் பாருங்கள்:

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிடறதில்லையாமே, ஏன்?"
"மறந்துடுது."
"ஃபோன்ல அலாரம் வச்சுக்குங்க."
"சரிங்க."

ஃபைலில் "ஆலோசனை வழங்கப்பட்டது" என்று ஏறிவிடும். அலாரம் அடிக்கும், மாத்திரை அப்படியே இருக்கும். இப்போது அதே ஆள், அதே விஷயம்:

"தினமும் இந்த மாத்திரையைச் சாப்பிடறது உங்களுக்குக் கஷ்டமா இருக்கு போல."
"கஷ்டம்லாம் இல்ல."
(பணியாளர் பேசாமல் இருக்கிறார்.)
"சாப்பிட்டா தூக்கமா வருது. எனக்கு ராத்திரி வேலை. ஒரு தடவை தூங்கிப் பிடிபட்டேன், இன்னொரு தடவைன்னா வேலை போயிடும்."
"அப்போ வேலையா மாத்திரையான்னு ஆயிடுது."
"ஆமா. அதான்."

இதில் பணியாளர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். தான் புரிந்துகொண்டதைச் சொன்னார், அது தவறாக இருந்தது, அவர் திருத்தினார், திருத்தும்போது உண்மை வந்தது. இனி மருத்துவரிடம் நேரத்தை மாற்ற முடியுமா, வேறு மருந்து உண்டா என்று போய்ப் பேசலாம். வில்லியம் மில்லர் 1983இல் மதுப்பழக்கம் உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவத்திலிருந்து எழுதத் தொடங்கி, பின்னால் ஸ்டீஃபன் ரோல்னிக்கோடு சேர்ந்து வளர்த்த ஊக்க நேர்காணல் முறையின் அடிப்படை இதுதான். அடுத்தவரைத் திருத்தத் துடிக்கும் நம் அனிச்சையை அடக்கு, மாற வேண்டியதற்கான காரணத்தை அவர் வாயாலேயே வரவிடு. நாம் மாற்றத்துக்கு வாதாடினால் அவர் மாறாமல் இருப்பதற்கு வாதாடுவார், அப்படி வாதாடி வாதாடி அதிலேயே உறுதியாகிவிடுவார்.

அந்த உரையாடலின் நடுவில் ஒரு மௌனம் இருந்ததே, அதுவும் ஒரு திறமை. வகுப்பறைகளில் ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களில் ஆராய்ந்தபோது, சராசரியாக ஒரு நொடிதான் என்று தெரிந்தது. அதை மூன்று நொடிக்கு மேல் ஆக்கியதும் மாணவர்களின் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். அது பள்ளிக்கூடம். நம்மிடம் வருபவர் பல வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லலாமா வேண்டாமா என்று உள்ளுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறார், அவருக்கு மூன்று நொடி எம்மாத்திரம்! கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அதே கேள்வியை வேறு வார்த்தையில் திரும்பக் கேட்காதீர்கள், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

கண்ணைப் பார்ப்பது பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. பெரியவர்களையோ அதிகாரிகளையோ நேராகப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்கள் உண்டு, ஆட்டிசம் உள்ள பலருக்குக் கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது மனதில் ஏறாது. பார்வையைத் தவிர்ப்பவர் பொய் சொல்கிறார் என்று எழுதிவிடாதீர்கள். பேச்சில் 7 சதவீதம்தான் வார்த்தை, 38 சதவீதம் குரல், 55 சதவீதம் முகபாவம் என்று பயிற்சிகளில் ஒரு கணக்கு சுற்றிவருகிறது. ஆல்பர்ட் மெஹ்ராபியனின் 1967 ஆய்வுகளிலிருந்து வந்தது அது. ஒருவர் விருப்பு வெறுப்பைச் சொல்லும்போது வார்த்தை ஒன்று, தொனி ஒன்று, முகம் ஒன்று என்று முரண்பட்டால் கேட்பவர் எதை நம்புவார் என்ற சோதனை, எல்லாப் பேச்சுக்குமான விதி இல்லை. நம்மிடம் வருபவர்கள் சொல்லும் வார்த்தைகள் ஏழு சதவீதத்துக்கு மேல் மதிப்புள்ளவை.

மொழி வேறாக இருந்தால்

இதில்தான் பெரிய சேதங்கள் நடக்கின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கைக்குக் கிடைத்தவரை மொழிபெயர்ப்பாளர் ஆக்காதீர்கள், முக்கியமாக வீட்டுக் குழந்தையை. பத்து வயதுப் பிள்ளை தன் அம்மாவின் நோயையோ அப்பா அடித்ததையோ தன் வாயால் சொல்ல வேண்டிய நிலைக்கு வரக்கூடாது. அம்மாவும் பிள்ளை முன்னால் பாதியைத்தான் சொல்வார். கணவரோ மாமியாரோ மொழிபெயர்த்தால், யாரைப் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமோ அவர் வாய் வழியாகவே புகார் வர வேண்டியதாகிவிடும். சந்திப்பு நேரத்தை உறுதி செய்ய, வழி கேட்க, ஃபோனில் உள்ள மொழிபெயர்ப்பு ஆப் போதும். ஒப்புதல் கையெழுத்து, பாதுகாப்பு, சட்டம் சம்பந்தப்பட்ட எதற்கும் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அதற்காகச் சந்திப்பைத் தள்ளிப்போட்டாலும் பரவாயில்லை, உயிருக்கு அவசரம் என்றால் தவிர.

"நல்லாத்தானே பேசறார், எதுக்கு மொழிபெயர்ப்பாளர்" என்று தோன்றும் இடங்களில் கவனமாக இருங்கள். கடைக்குப் போக, வேலை செய்யப் போதுமான அளவு ஒரு மொழி தெரிந்திருப்பது வேறு, நெஞ்சு அடைக்கும்போது அந்த மொழியில் பேச முடிவது வேறு. துக்கத்திலும் பயத்திலும் தாய்மொழிதான் முன்னால் வரும். எல்லோரிடமும் கேட்டுவிடுங்கள்: "எந்த மொழியில பேசினா உங்களுக்கு வசதி?"

மொழிபெயர்ப்பாளர் வந்ததும், உள்ளே போவதற்கு முன் ஐந்து நிமிஷம் அவரோடு பேசுங்கள். விஷயம் என்ன, என்னென்ன கடினமான சொற்கள் வரும், கேட்டதை அப்படியே சொல்ல வேண்டும், பயனாளி "நான்" என்று சொன்னால் "நான்" என்றே சொல்ல வேண்டும், புரியாவிட்டால் நிறுத்திக் கேட்கலாம். சின்னச் சமூகமாக இருந்தால் பயனாளிக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் ஏற்கெனவே அறிமுகம் இருக்கலாம். யார் வருகிறார் என்று பயனாளியிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் கேளுங்கள், அவர் தயங்கினால் வேறு ஊரில் இருக்கும் ஒருவரை ஃபோன் வழியாக, பயனாளியின் பெயர் சொல்லாமல் பயன்படுத்தலாம். பாலியல் வன்முறை போன்ற விஷயங்களில் ஆணா பெண்ணா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேசும்போது பயனாளியைப் பார்த்து "நீங்க" என்று பேசுங்கள். "அவங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்கு எத்தனை நாளா வலின்னு" என்று மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தால், பயனாளி அந்த அறையில் ஒரு பொருள் மாதிரி ஆகிவிடுவார். ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பழமொழி, சிலேடை வேண்டாம்.

அப்புறம் அடிக்கடி நடக்கும் ஒன்று. நீங்கள் கேட்கிறீர்கள், அந்தப் பெண் ரொம்ப நேரம் பேசுகிறார், கை நடுங்குகிறது, நடுவில் அழுகிறார். மொழிபெயர்ப்பாளர் உங்கள் பக்கம் திரும்பி, "இல்லைங்கிறாங்க" என்கிறார். அதை எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போகாதீர்கள். "அவங்க நிறைய சொன்ன மாதிரி இருந்துச்சு. தேவையில்லைன்னு உங்களுக்குத் தோணுறதையும் சேர்த்து, அவங்க சொன்ன வரிசையிலேயே எனக்குச் சொல்லுங்க" என்று மரியாதையாக, ஆனால் விடாமல் கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர்கள் கெட்ட எண்ணத்தில் சுருக்குவதில்லை. சில சமயம் தன் சமூகத்தைப் பற்றித் தவறாக நினைப்பார்களோ என்ற தயக்கம், சில சமயம் அவருக்கே கேட்கத் தாங்கவில்லை. அதனால் சந்திப்பு முடிந்த பிறகும் அவரோடு ஐந்து நிமிஷம் உட்காருங்கள், இந்தக் கதைகளைத் தன் வாயால் திரும்பச் சொன்னவர் அவர்.

கேட்பதும் வாசிப்பதும்

காது கேளாதவரிடம் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நம்பிப் பேசுகிறோம். கண்ணாடி முன் நின்று சத்தம் வராமல் "படம்" என்றும் "மடம்" என்றும் சொல்லிப் பாருங்கள், உதடு ஒரே மாதிரிதான் அசையும். உதட்டசைவில் கிடைப்பது கொஞ்சம், மீதியை அவர் ஊகித்துக்கொள்கிறார், ஊகித்துக் களைத்ததும் தலையாட்ட ஆரம்பித்துவிடுகிறார். முகத்தில் வெளிச்சம் விழும்படி உட்காருங்கள், வாயைக் கையால் மறைக்காதீர்கள், கத்தாதீர்கள், கத்தினால் உதட்டு வடிவமே மாறிவிடும். சரி, எழுதிக் காட்டினால் போதுமே என்றால், எப்போதும் போதாது. சைகை மொழி தனி இலக்கணம் உள்ள தனி மொழி. பிறவியிலிருந்தே காது கேளாமல் சைகையில் வளர்ந்தவருக்கு நாம் எழுதுவது இரண்டாம் மொழிதான். அப்படிப்பட்டவருக்கு சைகை மொழிபெயர்ப்பாளர் வேண்டும், அவர் இருக்கும்போதும் பார்வை பயனாளி மேல்தான் இருக்க வேண்டும். வயதாகிக் காது மந்தமானவர்களுக்குப் பெரும்பாலும் டிவியை அணைத்து, பக்கத்தில் வந்து, நிதானமாகப் பேசினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வாசிக்கத் தெரியாததைப் பெரியவர்கள் கெட்டிக்காரத்தனமாக மறைப்பார்கள். "கண்ணாடி கொண்டு வரலை", "வீட்ல போய்ப் பார்த்துக்கிறேன்", "எங்கே கையெழுத்துப் போடணும் அதைக் காட்டுங்க." இதைக் கேட்டதும் "உங்களுக்குப் படிக்கத் தெரியுமா" என்று கேட்டு அவமானப்படுத்த வேண்டாம். எல்லோரிடமும் ஒரே மாதிரி, "இந்தப் படிவம் கொஞ்சம் சிக்கலானது, நான் வாசிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிட்டால் யாருக்கும் கூச்சமில்லை.

"புரிஞ்சுதா?" என்ற கேள்விக்குப் பதில் எப்போதும் "புரிஞ்சுது" தான், அதனால் அதைக் கேட்டுப் பயனில்லை. மருத்துவமனைகளில் நோயாளியே திருப்பிச் சொல்லும் முறை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள், அதை நாமும் எடுத்துக்கொள்ளலாம்: "நான் சரியா சொன்னேனான்னு பார்த்துக்கிறேன். வீட்ல போய் இதை எப்படிச் சொல்வீங்க?" பாரத்தை நம் மேல் போட்டுக்கொண்டு கேட்பதுதான் இதில் முக்கியம். அவர் சொல்வதில் விட்டுப்போனதை மட்டும் வேறு வார்த்தையில் மறுபடி விளக்குங்கள். ஒரே நாளில் மூன்று விஷயத்துக்கு மேல் சொல்லாதீர்கள், தேதியையும் ஃபோன் நம்பரையும் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள்.

தலையாட்டுபவர்களும் நேரம் எடுப்பவர்களும்

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் பலர், சிறு வயதிலிருந்தே மற்றவர்களைத் திருப்திப்படுத்திப் பழகியவர்கள். "அங்க உங்களுக்குப் பிடிச்சிருக்கா?" என்றால் "ஆமா." சற்று நேரம் கழித்து "அங்க கஷ்டமா இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், அதற்கும் "ஆமா" வந்தால் முதல் பதிலை நம்ப முடியாது. ஆமா இல்லை என்று முடியாத கேள்வி, படங்கள், அந்த இடத்துக்கே சேர்ந்து போய் நடந்து பார்ப்பது, இவையெல்லாம் நல்ல பதில் தரும். பக்கவாதத்துக்குப் பிறகு பேச்சு வராதவர்களுக்கு நிலைமை நேர் எதிர்: பலருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கும், சொல் மட்டும் அகப்படாது. அவர்களுக்கு ஆமா இல்லை கேள்விகளும் படப் பலகையும் உதவும், அவர் வாக்கியத்தை நாம் அவசரப்பட்டு முடித்து வைக்கக்கூடாது. மறதி நோய் உள்ளவரோடு தேதிக்கும் பெயருக்கும் சண்டை போட வேண்டாம், இறந்துபோன அம்மா எங்கே என்று கேட்டால் "அம்மா ஞாபகமாவே இருக்கீங்களே, அவங்களைப் பத்திச் சொல்லுங்க" என்று அந்த ஏக்கத்தோடு பேசுங்கள். இவர்கள் யாராக இருந்தாலும், கூட வந்தவரைப் பார்த்துப் பேசிவிட்டு இவரை விட்டுவிடுவதுதான் மன்னிக்க முடியாத தவறு.

குழந்தைகளிடம் பேசும்போது அவர்கள் உயரத்துக்கு இறங்கி உட்காருங்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம், நான் தப்பாகச் சொன்னால் திருத்தலாம் என்று முதலிலேயே சொல்லி, ஒரு சின்ன விளையாட்டாகப் பழக்கியும் விடுங்கள்: "உனக்கு அஞ்சு தம்பி இருக்காங்கல்ல?" என்று வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, அது திருத்தினால் பாராட்டுங்கள். ஒரே கேள்வியைத் திரும்பக் கேட்டால், முதலில் சொன்ன பதில் தப்பு போலிருக்கு என்று குழந்தை மாற்றிச் சொல்லிவிடும். "அவர் உன்னைத் தொட்டாரா?" என்று பதிலை நீங்களே வாயில் திணிக்காதீர்கள், "அப்புறம் என்ன ஆச்சு?" போதும். துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்துவிட்டால், விவரமாகக் கேட்கும் வேலையை அதற்கென்று பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுங்கள், ஒரு குழந்தை அதைப் பலரிடம் பலமுறை சொல்ல நேர்வதே இன்னொரு துன்பம்.

தனியாகப் பேசுவது

வீட்டில் வன்முறை இருக்கலாம் என்று லேசாகச் சந்தேகம் வந்தால்கூட, மற்றவர் முன்னால் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதீர்கள். நீங்கள் போன பிறகு அதற்கான அடி அவருக்குத்தான் விழும். எல்லோரையும் தனித்தனியாகச் சந்திப்பது எங்கள் வழக்கம் என்று சொல்லித் தனியாகப் பாருங்கள், உண்மையிலேயே அதை வழக்கமாகவும் வைத்துக்கொள்ளுங்கள். ஃபோன் செய்தால் முதல் கேள்வி "இப்போ பேச முடியுமா?" அவர் ஆமா இல்லை என்று மட்டும் சொல்லிச் சமாளிக்கும்படி கேளுங்கள், யாராவது வந்துவிட்டால் சொல்ல ஒரு சொல்லை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். வாய்ஸ் மெசேஜ், வாட்ஸ்அப் எதையும் அவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

மனதில் பெரிய காயம் உள்ளவர்கள் கதையை வரிசையாகச் சொல்ல மாட்டார்கள். நாள் மாறும், நடுவில் ஒரு பகுதி காணாமல் போகும், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அது பொய்யின் அடையாளம் இல்லை, பயத்தில் பதிந்த நினைவு பலருக்கு அப்படித் துண்டு துண்டாகத்தான் வரும். கதவுக்குப் பக்கத்து நாற்காலியை அவருக்குக் கொடுங்கள், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நிறுத்துங்கள்.

தற்கொலை எண்ணம் இருக்குமோ என்று தோன்றினால் நேராகவே கேளுங்கள்: "செத்துடலாம்னு தோணுதா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடும் என்ற பயம் பரவலாக இருக்கிறது, ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. சுற்றி வளைத்து "தப்பா எதுவும் யோசிக்கலையே?" என்று கேட்டால் நமக்கு என்ன பதில் வேண்டும் என்று அவருக்குப் புரிந்துவிடும், அதையே கொடுப்பார். ஆமா என்றால் பதறாமல் எப்படி, எப்போது, கையில் அதற்கானது இருக்கிறதா என்று கேட்டு, தனியாக விடாமல், அன்றைக்கே மேலதிகாரியையும் மனநல உதவியையும் சேருங்கள்.

கோபத்தில் கத்துபவரிடம் "அமைதியா பேசுங்க" என்றால் இன்னும் கத்துவார். கோபத்துக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள், "மூணு மாசமா அலைய விட்டிருக்காங்க, கோபம் வரத்தான் செய்யும்." நியாயமான கோபத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்வதால் நிறுவனத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது. உங்கள் பாதுகாப்புக்கு ஆபத்து என்று தோன்றினால் அது வேறு, எழுந்து வெளியே வந்துவிடுங்கள்.

நம் பக்கத்துத் தடைகள்

லேப்டாப் திரை நடுவில் இருந்தால் பேச்சு திரையோடுதான். முதலில் கேளுங்கள், கடைசிப் பத்து நிமிஷத்தில் அவரையும் பார்க்க வைத்து, சொல்லிச் சொல்லி எழுதுங்கள். அசெஸ்மென்ட், ரெஃபரல், ஃபாலோ அப், இன்டர்வென்ஷன், இவையெல்லாம் நமக்குள் பேசிக்கொள்ளும் சொற்கள். "உங்களை ரெஃபர் பண்றேன்" என்றால் தன்னைக் கழற்றிவிடுகிறார் என்று நினைப்பவர்கள் உண்டு. யாரிடம் அனுப்புகிறோம், அவர் என்ன செய்வார், நாம் கூட இருப்போமா என்று சொல்லுங்கள். ஒருவருக்கு நூறு கேஸ் கொடுத்துவிட்டு நன்றாகக் கேளுங்கள் என்று பயிற்சி கொடுக்கும் நிறுவனங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. நேரம் இல்லாத இடத்தில் எந்த முறையும் வேலை செய்யாது, இதைச் சூப்பர்விஷனில் எழுத்து மூலமாகவே சொல்லுங்கள்.

குறிப்பு எழுதும்போது அவர் வார்த்தையையும் உங்கள் ஊகத்தையும் கலக்காதீர்கள். "விரக்தியில் உள்ளார்" என்பது உங்கள் முடிவு. "'எதுக்கு வர்றீங்க, ஒண்ணும் மாறப் போறதில்ல' என்றார்" என்பது அவர் சொன்னது. இரண்டாவதைப் படிக்கும் அடுத்த பணியாளர் அவரைச் சந்திக்கும் முன்பே கொஞ்சம் தெரிந்துகொள்வார். அந்த ஃபைலை ஒரு நாள் அவரே கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்ற நினைப்போடு எழுதுங்கள்.

கடைசியாக, நீங்கள் மாற்றலாகிப் போகும்போது. அவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள், முடிந்தால் புதியவரை நேரில் கூட்டிப்போய் அறிமுகம் செய்யுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில், அவருடைய சம்மதத்தோடு, அவரோடு பேசும் முறையை எழுதி வையுங்கள்: இடது காதுதான் கேட்கும், சாயங்காலம் ஃபோன் செய்ய வேண்டாம், எந்த மொழி, மூத்த மகன் இருக்கும்போது பணத்தைப் பற்றிப் பேச மாட்டார், கேள்வி கேட்டால் நேரம் எடுப்பார் ஆனால் பதில் சொல்வார். எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டி, வேறு எதையாவது சேர்க்க வேண்டுமா என்று கேளுங்கள்.